பழைய ஸ்போர்ட்ஸ் காரை ரெகுலாரிட்டி ரேலிக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி

பழைய ஸ்போர்ட்ஸ் காரோடு ரேலிக்குச் செல்ல விரும்புகிறவர், எவ்வகை ரேலியில் இறங்கப் போகிறார் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அடைக்கப்பட்ட சாலையைக் குறைந்த நேரத்தில் கடப்பவர் வெல்லும் வகை ஒன்று. குறிக்கப்பட்ட சராசரி வேகத்தை நொடி பிசகாமல் காப்பவர் வெல்லும் ரெகுலாரிட்டி வகை மற்றொன்று. முதல் வகைக்குப் பாதுகாப்புக் கூண்டு, போட்டி இருக்கை, தீத்தாங்கும் உடை எனத் தேவைகள் பெருகுவதால், புதிதாக வருபவர் ரெகுலாரிட்டியில் தொடங்குவதே நல்லது. மான்டி கார்லோ ஹிஸ்டாரிக் ரேலியும், 1927 முதல் 1957 வரை பந்தயமாக நடந்து இன்று அதன் நினைவோட்டமாக நடைபெறும் மில்லே மிலியாவும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

காரை வாங்குவதற்கு முன்பே போட்டியின் விதிகளை வரிவரியாகப் படித்துவிட வேண்டும். அக்காலத்தில் அந்தப் பந்தயத்தில் ஓடிய மாடல்களை மட்டுமே ஏற்கும் போட்டிகள் உண்டு. உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. தன் விதித்தொகுப்பின் கே பிற்சேர்க்கையில் கார்களைக் காலப்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு காரும் தன் காலத்து அமைப்பிலேயே இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே, கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு நவீன எரிபொருள் ஊசிமுறையை (ஃபியூவல் இன்ஜெக்ஷன்) பொருத்தும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். விதியின் ஒரு சிறு வரி என்ன செய்யும் என்பதற்கு 1966 மான்டி கார்லோ ரேலியே சான்று: முதல் மூன்று இடங்களில் வந்த மினி கூப்பர்கள் முன்விளக்கு விதியை மீறியதாகச் சொல்லி விலக்கப்பட, வெற்றி ஒரு சிட்ரோயனுக்குப் போனது.

காரின் ஆயத்தத்தில் எஞ்சின் சக்தியைக் கூட்டும் வேலைக்கு இடமே இல்லை. நாள் முழுவதும் ஒரே சீராக ஓடி, நிறுத்திய இடத்தில் மறுபடி கிளம்பும் கார்தான் வேண்டும். பிரேக் திரவத்தையும் ரேடியேட்டர் குழாய்களையும் மாற்றுவது எல்லோரும் அறிந்ததே. மின்சாரத்தைத்தான் பலர் கணக்கிடாமல் விடுகிறார்கள். பல பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் இருந்த லூகாஸ் சி40 டைனமோ தருவது 22 ஆம்பியர் மட்டுமே. 60 வாட் முன்விளக்குகள் இரண்டும் 55 வாட் கூடுதல் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 230 வாட், அதாவது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 19 ஆம்பியர், இழுத்துக்கொள்ளும். அதன்மேல் வைப்பரும் விசிறியும் இக்னிஷனும் சேர்ந்தால், இரவு ஓட்டத்தில் செலவை ஈடுகட்டுவது பேட்டரிதான். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விதி அனுமதித்தால், மெதுவான சுழற்சியிலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கு மாறலாம். இல்லையேல் விளக்கைக் குறைத்துக்கொள்வதே வழி.

இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை உள்ளிருந்து அரிப்பதால், எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் பொருத்தி, அவற்றை எக்ஸாஸ்டின் வெப்பம் படாமல் விலக்கிக் கட்டவும். இக்னிஷனுக்கான மாற்றுக் கண்டென்சரைப் புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே கொண்டுபோகாதீர்கள். அதைக் காரில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துக் கழற்றி வைத்ததே நம்பத்தக்க மாற்று. கம்பிச் சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு கம்பியையும் சிறு ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். தளர்ந்த கம்பி கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று ஒலிக்கும்.

இத்தனைக்கும் பிறகு, வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது தூரமானிதான். அக்காலத்து ஹால்டா மானி ஸ்பீடோமீட்டர் கேபிளால் இயங்குவது. பல்சக்கர இணைகளை மாற்றி அதைக் காருக்குப் பொருத்த வேண்டும். மின்னணு மானியைப் போட்டி அனுமதித்தால், அதன் உணரியை எஞ்சின் விசை செல்லாத சக்கரத்தில் பொருத்துங்கள். விசை பெறும் சக்கரம் சரளையில் வழுக்கிச் சுழன்று, போகாத தூரத்தையும் கணக்கில் சேர்த்துவிடும். அமைப்பாளர்கள் அளந்து காட்டும் சாலைப்பகுதியில் மானியைச் சரிபார்க்கும்போது டயர் சூடேறியிருக்க வேண்டும். காற்றழுத்தமும், காரில் இருப்போரின் எடையும் போட்டியின்போது இருக்கும் அளவிலேயே இருக்க வேண்டும். இதை மிகையான கவனம் என்று எண்ணுவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 300 மில்லிமீட்டர் ஆரமுள்ள டயர் 3 மில்லிமீட்டர் தேய்ந்தால் மானி 1 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 10 கிலோமீட்டரில் அது 100 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் சராசரியில் அந்த 100 மீட்டர் 7.2 நொடி. மானியை நம்பி நேரத்தைச் சரியாகக் காத்தவர், அவ்வளவு நொடி தாமதமாகவே, நேரம் குறிக்கப்படும் கட்டுப்பாட்டுப் புள்ளியைக் கடப்பார்.

அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் மறைந்திருக்கும். முன்னதாகக் கடந்தாலும் தண்டப்புள்ளி உண்டு. ஆகையால், பக்கத்தில் அமர்ந்து வழியும் நேரமும் சொல்லும் நேவிகேட்டர் ஒவ்வொரு சராசரிக்கும் நேர அட்டவணையை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும்: 45 கிலோமீட்டர் வேகத்தில் 100 மீட்டருக்கு 8 நொடி, 48 கிலோமீட்டரில் 7.5 நொடி என்பதுபோல. ஓட்டுநரிடம் அவர் சொல்ல வேண்டியது, எத்தனை நொடி முந்தியிருக்கிறோம் அல்லது பிந்தியிருக்கிறோம் என்ற ஒரே எண். சந்திப்பில் இழந்த நொடிகளை ஒரே பாய்ச்சலில் மீட்க முயலாமல், சாலை இடம்தரும் அளவுக்குச் சற்றே வேகம் கூட்டிப் படிப்படியாக மீட்பதே பாதுகாப்பானது. அமைப்பாளர்கள் தரும் வழிநூலான ரோடு புக்கில், சந்திப்புகளைக் கோட்டுருவாகக் காட்டும் டியூலிப் படங்களில் புள்ளி நாம் வரும் பக்கத்தையும் அம்பு போக வேண்டிய பக்கத்தையும் குறிக்கும்; தூரம் அச்சிடப்பட்ட ஒவ்வொரு சந்திப்பிலும் மானியோடு ஒப்பிட்டு, வேறுபாடு வளர்கிறதா என்று நேவிகேட்டர் கவனிக்க வேண்டும். கார் ஓட்டத்தில் தலைகுனிந்து படிக்கும்போது குமட்டல் எடுக்கும் நண்பர் எவ்வளவு நெருக்கமானவராயினும் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

போட்டிக்கு முன் இருவரும் சேர்ந்து, இரவு ஓட்டமும் அடங்க, 300 கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். வேண்டுமென்றே ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, மானியை நிறுத்தி, தவறிய இடத்துக்கே திரும்பி வந்து, கூடுதலாக ஓடிய தூரத்தைக் கழித்துவிட்டு மறுபடி ஓடவிடும் முறையையும் அன்றே பழகுங்கள். போட்டி நாள் காலையில் கடிகாரத்தை அமைப்பாளர்களின் அதிகாரபூர்வக் கடிகாரத்தோடு நொடிக்கு நொடி ஒத்து வைத்துவிட்டால், மாலையில் கார் கடைசிக் கட்டுப்பாட்டைக் கடக்கும்வரை அதைத் தொடக்கூடாது.