ஊட்டிக்குப் போகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறுகள்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். இடையில் உள்ள சாலை ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். அந்தக் குறுகிய தூரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு டிகிரி வெப்பம் குறைந்துவிடும். மழையின் திசை மாறும், சாலையின் சட்டம் மாறும், வண்டி ஓட்டும் முறையே மாறும். ஊட்டிப் பயணம் கசந்துபோனது என்று சொல்பவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் சமவெளியில் போடும் கணக்கை அப்படியே மலையிலும் போட்டிருப்பார்கள். தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடுவது அதில் முதலாவது.

நாள் குறிக்கும்போதே

ஊட்டி என்றால் மே மாதம் என்று வழிவழியாக ஒரு பழக்கம் இருக்கிறது. பள்ளி விடுமுறையும் தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சியும் ஒன்றாக வருவதால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேறு வழி இல்லைதான். அப்படியானால் சனி, ஞாயிறையாவது விட்டுவிடுங்கள். செவ்வாய் ஏறி வியாழன் இறங்குபவர் பார்க்கும் ஊட்டியும், வெள்ளி இரவு ஏறி ஞாயிறு மாலை இறங்குபவர் பார்க்கும் ஊட்டியும் வேறு வேறு. விடுமுறைக் கட்டாயம் இல்லாதவர்களுக்கு பிப்ரவரி, மார்ச் மாதங்களையே சொல்வேன். வானம் தெளிவாக இருக்கும், அறை வாடகையும் கட்டுக்குள் இருக்கும்.

அடுத்தது இ-பாஸ், அதாவது வண்டி மலையேற இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். 2025 கோடையில் எண்ணிக்கைக்கு வரம்பும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறில் 8,000. பலர் ஹோட்டலுக்கு முன்பணம் கட்டிவிட்டு, பாஸை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். கல்லாறு சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு, சிக்னல் இல்லாத போனில் விவரம் நிரப்புவது பெரும் பாடு. முதலில் பாஸ், அப்புறம் அறை. அரசு இணையதளத்தில் காசில்லாமல் எடுக்கலாம். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருகிறவர்களுக்கு இது தேவையே இல்லை. மூன்று நான்கு பேராக வருபவர்கள் இதையும் யோசித்துப் பார்க்கலாம்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். “இப்போது ஊட்டியில் மழையா?” என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறோம். நீலகிரிக்கு இரண்டு முகங்கள். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குப் பக்கத்தை, அதாவது கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, மேல்பவானி பகுதிகளை அடித்து நொறுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அதே காலத்தில் கிழக்கே உள்ள குன்னூரிலும் கோத்தகிரியிலும் மழை பல மடங்கு குறைவாக இருக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை கதை தலைகீழ். வடகிழக்கு மழை கிழக்குச் சரிவில் இறங்கும். குன்னூர், கோத்தகிரி சாலைகளில் மண் சரியும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆகவே ஜூலையில் அவலாஞ்சியைத் திட்டத்தில் வைப்பதும், நவம்பரில் குன்னூர்ப் பக்கம் மலை விளிம்பில் காட்டேஜ் எடுப்பதும் வேண்டாம். கன மழை எச்சரிக்கை வந்தால் அறைப் பணம் போனால் போகட்டும், தேதியை மாற்றுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி பார்க்க வருகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். உயரம் கூடக் கூட வெயிலின் புற ஊதாக் கதிரும் கூடும். குளிருக்கு ஸ்வெட்டர் போட்ட குழந்தையின் கன்னமும் மூக்கும் வெயிலில் சிவந்து உரியும். தொப்பியையும் எடுத்து வையுங்கள்.

மேப் காட்டும் வழி

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு வழி கேட்டால் மேப் கல்லட்டிப் பாதையைக் காட்டும். கூடலூர் சுற்றிப் போவதில் பாதி தூரம்கூட இல்லை. ஆனால் அது 36 கொண்டை ஊசி வளைவுகளும் கடுமையான சரிவும் உள்ள பாதை. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் யாருக்கும் தெரியாமலே கிடந்தது. ஏழு பேரில் இருவர்தான் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்தப் பாதையில் இறங்க விடப்படுவதில்லை. அந்தப் பாதை பிரியும் தலைக்குந்தாவில் திருப்பி அனுப்பினால் போலீசாரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டாம். நடுவட்டம், கூடலூர் வழி நீளம்தான், ஆனால் அழகான வழி. தேயிலையும் யூகலிப்டஸும் பைன் மரங்களும் மாறி மாறி வரும்.

கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். இதுவும் மேப்புக்குத் தெரியாது. மைசூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது இரவுத் தடை. முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். எட்டரைக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, காட்டுக்குள் விரட்டி ஓட்டுவதுதான் இதில் உள்ள பெரிய தவறு. குறுக்கே வரும் மானுக்கும் யானைக்கும் உங்கள் அவசரம் தெரியாது.

மலை ரயில்

மலை ரயிலில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு வருகிறவர்களில் பலர் எந்தப் பகுதியில் போகிறோம் என்று தெரியாமலே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். மொத்தப் பாதை 46 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் போட்டார்கள். ஊட்டிக்கு 1908-இல் வந்தது. தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்து, இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பற்றி ஏறும் அந்தப் பகுதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் இருக்கிறது. நீராவி இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போவதையும், காட்டுக்குள் குகைகளையும் பாலங்களையும் தாண்டுவதையும் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையத்தில் காலை 7 மணி வாக்கில் கிளம்பும் வண்டியில்தான் ஏற வேண்டும். ஊட்டி, குன்னூர் இடையே டீசல் இன்ஜின்தான். அதுவும் நல்ல பயணம்தான், குழந்தைகளுக்கு அதுவே போதும். ஆனால் அதில் போய்விட்டு, பல்சக்கரம் எங்கே என்று தேடக் கூடாது.

முழுப் பயணம் மேலே ஏற ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஏறும்போது ஒரு முறை போனால் போதும். இறங்கும்போதும் அதே ரயில் என்றால் சின்னப் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். டிக்கெட் முன்பதிவு திறந்ததும் தீர்ந்துவிடும். பயணத் தேதிக்கு 60 நாள் முன்பே திறக்கும் என்பதால் நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பாதையில் பாறை விழுந்து ரயில் ரத்தாவது வழக்கம். நவம்பரில் வருகிறவர்கள் அதை மட்டுமே நம்பித் திட்டம் போட வேண்டாம்.

ஒரே நாளில் எல்லாம்

“ஒரே நாளில் பத்து இடம்” என்று வேன்காரர்கள் கொடுக்கும் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். தொட்டபெட்டா, பூங்கா, ஏரி, பைக்காரா, சிம்ஸ் பூங்கா, டால்பின் மூக்கு. பைக்காரா ஊட்டிக்கு மேற்கே, டால்பின் மூக்கு குன்னூருக்குக் கிழக்கே. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் நாளின் பெரும்பகுதி வண்டிக்குள்தான் போகும். ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரு நாள் குன்னூர்ப் பக்கம், ஒரு நாள் பைக்காரா பக்கம்.

நேரமும் முக்கியம். தொட்டபெட்டா, 2,637 மீட்டர், நீலகிரியின் உச்சி. காலையில் போனால் நாலாபுறமும் தெரியும். பதினொரு மணிக்கு மேல் மேகம் ஏறிவிட்டால் வெள்ளைத் திரையைத்தான் பார்க்க வேண்டும். எல்லோரும் ஹோட்டலில் இலவசக் காலை உணவை முடித்துவிட்டு மெதுவாகக் கிளம்பி, பத்தரை மணிக்கு அந்தச் சாலையில் ஒன்றாகச் சிக்குகிறார்கள். உச்சிக்கு முதலில் போய்விட்டு வந்து, பிறகு டிபன் சாப்பிடுங்கள்.

நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களின் மந்துக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மந்து என்பது அவர்கள் குடும்பத்தோடு வாழும் ஊர். காட்சிக்கு வைத்த இடம் கிடையாது. உள்ளே போக முன்பே கேளுங்கள். கோயிலுக்கு அருகே போகலாமா, படம் எடுக்கலாமா என்பதையும் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையல் சால்வையைப் பேரம் பேசிப் பாதி விலைக்குக் கேட்பதும் சரியில்லை; ஒவ்வொரு தையலும் நூலை எண்ணிக் கையால் போட்டது.

குரங்கு, காட்டெருமை, யானை

மலைப்பாதையில் வண்டியை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். அந்தக் குரங்கு அடுத்த வண்டியை எதிர்பார்த்துச் சாலையிலேயே உட்கார்ந்து, ஏதாவது ஒரு சக்கரத்தில் அடிபட்டுச் சாகும். குட்டிகளும் அதையே பழகும். தயவுசெய்து போடாதீர்கள்.

குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமைகள் பகலிலேயே மேயும். பார்க்க வீட்டு மாடு போலச் சாதுவாக நிற்பதால் செல்ஃபி எடுக்க நெருங்குகிறார்கள். ஒரு டன் வரை எடையுள்ள விலங்கு அது. திரும்பிப் பாய்ந்தால் ஓட இடம் இருக்காது. தோட்டத்துக்குள் இறங்குவதற்கு முன் அங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள், எந்தப் பாத்தியில் மாடு நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பலாப்பழக் காலத்தில் கல்லாறு, பர்லியாறு சுற்றுவட்டாரத்தில் யானைகள் சாலைக்கு வரும். கண்டால் நூறு மீட்டருக்கு அப்பாலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள்.

மசினகுடியில் “நைட் சஃபாரி” என்று ஜீப்பில் அழைத்தால் போகாதீர்கள். அது சட்டவிரோதம். அந்தப் பகுதி சீகூர் யானை வழித்தடம். அங்கே எழுந்த விடுதிகளை அகற்றும் உத்தரவை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. 2021 ஜனவரியில் ஒரு விடுதிக்கு அருகே வந்த யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். அந்த யானை இறந்தது. இதெல்லாம் நம் பணத்தில் நடக்கும் தொழில் என்பதை மறக்கக் கூடாது. அறை எடுக்கும் முன் உரிமம் இருக்கிறதா என்று கேட்பது நம் வேலை.

அறைக்குள் கரி அடுப்பு

குளிருக்குக் கதவு, ஜன்னல்களை அடைத்துவிட்டு, பார்பிக்யூ அடுப்பைக் கணப்புக்காக உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். கரி புகையாமல் கனன்றாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். மலை ஊர்களில் இப்படிச் சாவுகள் நடந்திருக்கின்றன. கூடுதல் போர்வை கேளுங்கள், வெந்நீர் பை வைத்துக்கொள்ளுங்கள். கரி வாசலுக்கு வெளியிலேயே இருக்கட்டும்.

தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மாவட்டம் முழுக்கத் தடை, சோதனைச்சாவடியில் வாங்கிவைத்துவிடுவார்கள். வழியெங்கும் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன.

இறங்கும்போது

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. 2023 செப்டம்பர் 30 அன்று, ஊட்டி பார்த்துவிட்டு ஊர் திரும்பிய சுற்றுலாப் பேருந்து குன்னூர் மரப்பாலம் அருகே பள்ளத்தில் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். சமவெளி ஓட்டுநர்கள் இறக்கத்தில் டாப் கியரில் போட்டுவிட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே வருகிறார்கள். தொடர்ந்து தேயும் பிரேக் சூடேறும், சூடேறினால் பிடிமானம் குறையும். கருகிய வாசனை வந்தால் ஏற்கெனவே தாமதம். எந்த கியரில் இந்த மேட்டை ஏறுவீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். இன்ஜினே வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. ஆட்டோமேட்டிக் கார் என்றால் ‘டி’யில் விட்டுவிடாமல் ‘எல்’ அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள். மின்சாரக் காரை ஊட்டியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் மின்மோட்டார் வேகத்தைக் குறைத்துத் திரும்பச் சார்ஜ் செய்வதற்கு இடம் இருக்காது. முழுப் பாரமும் பிரேக் மேல் விழும்.

பிரேக் சூடாகிவிட்டதா? அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். குறுகலான இடத்தில் எதிரே ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குபவர் நின்று வழிவிட வேண்டும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், லோ பீம் போதும். மலைப்பாதைப் பழக்கமே இல்லாதவர்கள் உள்ளூர் ஓட்டுநரை வைத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

வாந்தி வரும் பிள்ளைகளுக்குக் கிளம்ப அரை மணி நேரம் முன்பே மாத்திரை கொடுங்கள். முதல் வளைவில் முகம் வெளுத்த பிறகு கொடுத்துப் பயனில்லை. சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்கிறவர்கள், ரயில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தானே என்று ஆறு மணி வரை கடைத்தெருவில் வர்க்கியும் தேயிலையும் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு இருட்டில், பனியில், பதற்றத்தோடு இறங்குகிறார்கள். கடை வேலையை முந்தின நாளே முடித்து, மாலை நான்கு மணிக்குள் ஊட்டியை விட்டுவிடுங்கள். பெரும்பாலான வளைவுகளை வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம், மேட்டுப்பாளையத்தில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறவும் நேரம் இருக்கும்.