பிடிக்காத முடிவை மறுபடி பார்க்க ஒரு வழி

2019 மே 20, திங்கட்கிழமை காலை ஆறரை மணி. அமெரிக்காவில் அப்போது ஞாயிறு இரவு ஒன்பது. நானும் தங்கையும் கேம் ஆஃப் த்ரோன்ஸின் கடைசி எபிசோடைப் பார்த்தோம். எட்டு மணிக்குள் முடிந்துவிட்டது. அவள் ஒன்றும் பேசாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதன்பிறகு மூன்று வருடம் நாங்கள் இருவரும் அந்தத் தொடரைத் தொடவே இல்லை.

மறுபடி போனபோது நான் கண்டுபிடித்த வழி இது. உங்களுக்கும் அதே மனக்குறை இருந்தால் முயன்று பாருங்கள். இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதை முழுக்க வெளியே வரப்போகிறது.

முதலில், 73 எபிசோடையும் ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டாம். பழைய கோபம் ஏழாவது சீசனிலேயே திரும்பி வந்துவிடும். ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போங்கள். நான் பிடித்துக்கொண்டது டார்த் தீவின் பிரியனை, வாளெடுத்துச் சண்டை போடும் பெண் அவள்.

பார்க்க வேண்டிய வரிசை: மூன்றாம் சீசன் ஐந்தாவது எபிசோட், நான்காம் சீசன் நான்காவது, எட்டாம் சீசனில் இரண்டு, நான்கு, ஆறு. மூன்றாம் சீசனில் குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடி, தான் ஏன் அரசனைக் கொன்றேன் என்று, அரசனின் மெய்க்காவல் வீரனாக இருந்த ஜேமி முதன்முதலாகச் சொல்வது அவளிடம்தான். நான்காம் சீசனில் அவனைப் பற்றிய பக்கத்தை, மெய்க்காவல் வீரர்களின் செயல்களை எழுதிவைக்கும் வெள்ளைப் புத்தகத்தில் அவள் படிக்கிறாள். பாதிக்கு மேல் வெறுமையாக இருக்கிறது. இன்னும் இடம் இருக்கிறது என்கிறான் அவன். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி அந்தப் பக்கத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எட்டாம் சீசனின் இரண்டாவது எபிசோட். வடக்கே வின்டர்ஃபெல் கோட்டையில் கணப்படுப்பைச் சுற்றி ஆறு பேர், மறுநாள் சாவோமா பிழைப்போமா தெரியாது. பெண்கள் வீரப்பட்டம் பெறுவது வழக்கமில்லை என்று பேச்சு வருகிறது. பட்டம் கொடுக்க அரசன் தேவையில்லை, ஒரு வீரன் போதும் என்று ஜேமி எழுந்து வாளை உருவுகிறான். அவள் மண்டியிட்டு எழுந்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது பாருங்கள், அத்தனை சீசனிலும் அப்படி அவள் சிரித்ததில்லை. இதை எழுதியவர்கள்தானே அந்த முடிவையும் எழுதினார்கள் என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

நான்காவதில் ஜேமி அவளை முற்றத்தில் அழவிட்டுவிட்டுப் போகிறான். அது இன்றும் எனக்கு ஆறவில்லை. ஆனால் நேராக ஆறாவதுக்குப் போங்கள். அதே வெள்ளைப் புத்தகம், அதே பக்கம். அவன் செய்ததையெல்லாம் பிரியன் தன் கையால் எழுதி நிரப்புகிறாள். நான்காம் சீசனைப் பார்த்த கையோடு பார்த்தால்தான் இந்தக் காட்சி முழுசாகப் பிடிபடும்.

எட்டாம் சீசனின் மூன்றாவது எபிசோடை, வின்டர்ஃபெல்லில் நடக்கும் அந்த இருட்டுப் போரை, பகலிலோ போனிலோ பார்க்காதீர்கள். முதல்முறை நான் ரயிலில் போனில் பார்த்தேன், யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை. 55 இரவுகள் விழித்து எடுத்த போர் அது. அறையில் எல்லா விளக்கையும் அணையுங்கள், டிவியில் சினிமா மோடு வையுங்கள்.

டிராகன்களின் ராணி டெனேரிஸ், தலைநகரான கிங்ஸ் லேண்டிங்கை எரிக்கும் ஐந்தாவது எபிசோட்தான் கடினம். அதற்கு முன்னால், இரண்டாம் சீசனில் கார்த் நகரவாசலில் அவள் பேசுவதைக் கேளுங்கள். நகரங்களை எரிப்பேன் என்று அன்றே சொல்கிறாள். மீரீன் நகரத்தில் 163 அடிமை எஜமானர்களை அவள் சிலுவையில் அறைவது, மேலே சொன்ன அதே நான்காம் சீசன் எபிசோடில்தான். விதை இருந்தது, மறுக்க முடியாது. அது வளர நேரம் கொடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். முதல் ஆறு சீசன்கள் தலா 10 எபிசோட், ஏழாவது 7, எட்டாவது வெறும் 6. இன்னும் நாலு எபிசோட் கூடுதலாக இருந்திருந்தால் நானே அவளுக்காக அழுதிருப்பேன்.

கடைசியாக ஒன்று. கடைசி எபிசோடில் நாயகர்களில் ஒருவனான ஜான், காது அறுந்த தன் ஓநாய் கோஸ்ட்டைத் தடவிக்கொடுத்து, வடக்கு எல்லையின் பனிச் சுவருக்கு அப்பால் நடக்கிறான், பின்னால் கதவு இறங்குகிறது. டிவியை அணைக்காதீர்கள். உடனே முதல் சீசனின் முதல் காட்சியைப் போடுங்கள். அதே சுவர், அதே சுரங்கவழி, கதவு மேலே ஏறுகிறது, மூன்று குதிரைவீரர்கள் பனிக்குள் போகிறார்கள்.

போன பொங்கல் லீவில் தங்கைக்கு இப்படித்தான் போட்டுக் காட்டினேன். குதிரைகள் காட்டுக்குள் போனதும் நிறுத்தப்போனேன். “விடுக்கா, ஓடட்டும்” என்றாள்.