காரடையான் நோன்பு: மாவு வறுப்பதிலிருந்து சரடு கட்டுவது வரை

கணவர் நீண்ட ஆயுளோடு இருக்கப் பெண்கள் அடை படைத்து, கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளும் இந்த நோன்பில் எல்லாமே நேரக் கணக்குத்தான். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளை, பெரும்பாலும் மார்ச் 14 அல்லது 15, விடியற்காலையிலும் வரும், நள்ளிரவிலும் வரும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கமும் ஒரே நேரத்தைச் சொல்லாது. வீட்டு வழக்கம் எதுவோ அதையே பாருங்கள். 'மாசிக் கயிறு பாசி படியும்' என்பார்கள், மாசியில் கட்டிய சரடு பாசி படியும் அளவுக்கு நெடுநாள் நிலைக்கும் என்று. அதனால் பங்குனி பிறப்பதற்குள் சரடு கழுத்தில் ஏறிவிட வேண்டும். குறித்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே அடுப்பைப் பற்றவையுங்கள்.

மாவை முதல் நாளே தயார் செய்யலாம். பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, நிழலில் துணியில் பரப்புங்கள். கையில் ஒட்டாமல், ஆனால் ஈரம் இருக்கும்போதே அரைத்துச் சலித்து, சிறு தீயில் வறுக்க வேண்டும். பதம் பார்க்க ஒரு சிட்டிகை எடுத்துக் கோலம் இழுங்கள். இழை அறுபடாமல் வந்தால் போதும். பாதி அடைகள் கெடுவது இங்கேதான். வறுபடாத மாவு வெந்தபின் களிபோல் பல்லில் ஒட்டும்.

வெல்ல அடைக்கு மாவு 1 கப், பொடித்த வெல்லம் 1 கப், தண்ணீர் 2 கப். கடை மாவானால் தண்ணீர் ஒன்றரை கப் போதும். காராமணி 2 மேஜைக்கரண்டியை லேசாக வறுத்து, ஊறவைத்து, முதலிலேயே தனியாக வேகவிடுங்கள். வெல்லத்தில் விழுந்தபின் அது வேகவே வேகாது. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிடுங்கள். பாகு வரக்கூடாது, வந்தால் அடை கல்லாகும். காராமணி, தேங்காய்ப் பல், ஏலக்காய் சேர்த்து, தீயைக் குறைத்து மாவைத் தூவிக் கிளறி, ஒரு ஸ்பூன் நெய் விட்டு மூடுங்கள். சூடு ஆறியதும் வாழையிலையில் தட்டி, நடுவில் விரலால் துளையிட்டு, ஆவியில் 12 நிமிடம் வையுங்கள். துளை இல்லாவிட்டால் நடுப்பகுதி மாவாகவே நிற்கும். ஈரவிரலால் தொட்டால் ஒட்டக்கூடாது.

உப்படைக்கும் அதே அளவு மாவும் தண்ணீரும்தான். வெல்லத்துக்குப் பதில் கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து உப்புப் போடுங்கள்.

நோன்பின் கதை மகாபாரதத்து வனபருவத்தில் இருக்கிறது. சத்தியவானுக்கு ஓராண்டே ஆயுள் என்று நாரதர் சொல்லியும் சாவித்திரி அவனையே மணந்தாள். கெடு நெருங்கியதும் மூன்று இரவு உபவாசம் இருந்தாள். கணவன் உயிரைக் கொண்டுபோன எமன் பின்னாலேயே நடந்து, மாமனாருக்குக் கண்ணும் நாடும், தந்தைக்கு நூறு பிள்ளைகளும் வாங்கிவிட்டுத் தனக்கும் நூறு பிள்ளைகள் கேட்டாள். சரியென்ற எமன் அங்கே மாட்டிக்கொண்டான்: கணவன் இல்லாமல் பிள்ளைகள் ஏது? சத்தியவானின் உயிரைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அந்தக் கதையில் அடை கிடையாது. காட்டில் கிடைத்ததை வைத்து அவள் அடை தட்டிப் படைத்தாள் என்பது நம் பக்கத்து வழக்கு. மகாராஷ்டிரத்தில் இதே சாவித்திரிக்கு ஜேஷ்ட பௌர்ணமியன்று ஆலமரத்தில் நூல் சுற்றுகிறார்கள். நம்மிடம் காஞ்சிக் காமாட்சியும் சேர்ந்துகொண்டாள்: கம்பையாற்று மணலில் லிங்கம் பிடித்து, வெள்ளம் வந்தபோது அதைத் தழுவிக் காத்தவள். காமாட்சி நோன்பு என்ற பெயரும் அதனால்தான்.

நேரம் வந்ததும் கோலமிட்ட இடத்தில் அம்பாளுக்கு ஓர் இலை, நோற்பவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை போடுங்கள். இலைக்கு இரண்டு அடை, வெண்ணெய், வெற்றிலை பாக்கு, பழம், நடுவில் மஞ்சள் துண்டோ பூவோ முடிந்த சரடு. வெண்ணெயைக் கடைசி நிமிடம் வரை குளிர்ந்த தண்ணீரில் மிதக்கவிடுங்கள். 'உருகாத வெண்ணெயும் ஓரடையும்' என்று சொல்லிப் படைக்கும்போது அது உருகி வழிந்தால் நன்றாகவா இருக்கும்? பிறகு அம்பாள் படத்துக்கு ஒரு சரடு சாத்தி, மூத்தவர் இளையவர்களுக்குக் கட்டுவார். சில வீடுகளில் கணவரே கட்டுவதும் உண்டு. உபவாசம் முடிப்பது அந்த அடையில்தான். பல வீடுகளில் அன்று பால், மோர் சேர்ப்பதில்லை.

பசுவுக்கென்று ஓர் அடையை எடுத்துவைத்து மறுநாள் காலையில் கொடுங்கள். மிஞ்சியவை இறுகிப்போகும், ஐந்து நிமிடம் மறுபடி ஆவி காட்டினால் மெத்தென்றாகிவிடும்.