டிக்கெட்டில் ஏழு மணி நேரம், வானத்தில் நாலேகால்

சென்னையில் இரவு 11.30க்குக் கிளம்பி சிங்கப்பூரில் காலை 6.15க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் போட்டிருந்தால், ஏழு மணி நேரப் பயணம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதைக் கழித்தால் நாலேகால் மணி நேரம்தான். திரும்பி வரும்போது கூட்ட வேண்டும்: அங்கே ராத்திரி 8க்கு ஏறி இங்கே 9.45க்கு இறங்கினால், ஒன்றே முக்காலோடு இரண்டரை சேர்ந்து அதே நாலேகால்.

டிக்கெட் இல்லாமலே கணக்குப் போடலாம். முதலில் தூரம். கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீட்டை, அதாவது சென்னைக்கு எம்ஏஏ, சிங்கப்பூருக்கு எஸ்ஐஎன் என்று, நடுவில் சின்னக் கோடு போட்டு அடித்தால் வான்வழித் தூரம் வந்துவிடும். சுமார் 2,920 கிலோமீட்டர். மைலில் காட்டினால் 1.609ஆல் பெருக்குங்கள், நாட்டிக்கல் மைல் என்றால் 1.852ஆல். படத்தில் கோடு வளைந்து தெரிந்தால் குழம்ப வேண்டாம். வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் கிரீன்லாந்து மேலே போகும். அதுதான் குறுக்கு வழி.

சரி, நேரம். விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்று வைத்து, தூரத்தை 800ஆல் வகுத்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே கூட்டுங்கள். 2,920க்கு மூன்று மணி நாற்பது நிமிடம், கூடவே முப்பத்தைந்து. அதே நாலேகால் வருகிறதா? சென்னை–மதுரைக்கும் இதையே போடலாம். தூரம் 420 கிலோமீட்டர்தான், வகுத்தால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேலேதான் வரும், ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே போட்டிருப்பார்கள், ஏனென்றால் முழு வேகத்தில் பறப்பதே கொஞ்ச நேரம்தான்.

காற்றும் நேரத்தை மாற்றும். நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் போவதைவிட லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதிகம், எதிர்க்காற்று. வான்வெளி மூடினால் இன்னும் மோசம்: 2022இல் ரஷ்யா வழி அடைபட்டதும் ஹெல்சின்கி–டோக்கியோ ஒன்பதரை மணி நேரத்திலிருந்து பதின்மூன்றுக்குப் போனது. அப்படிப்பட்ட தடங்களில் என் கணக்கை நம்பாமல், சமீபத்தில் பறந்த விமானத்தின் நேரத்தை ஃப்ளைட்ரேடார்24 என்ற தளத்தில் பாருங்கள்.

அப்புறம், நள்ளிரவு விமானம். சனிக்கிழமை 00.40 என்றால் வெள்ளி ராத்திரியே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். வயதானவர்களைத் தனியாக அனுப்புகிறீர்கள் என்றால், கிழமையோடு "வெள்ளி ராத்திரி" என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். அந்தப் பக்கம் அழைக்க வருபவருக்கு அந்த ஊர் நேரத்தையும் தேதியையும் மட்டும் அனுப்பினால் போதும்.