பெரிய ஸ்பீக்கரும் பக்கத்து வீட்டுச் சுவரும்: மும்பை பிளாட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஆளுயர ஸ்பீக்கர் வாங்கும் நம்மவர்கள் பலர், பெட்டியைப் பிரித்த கையோடு சுவரெங்கும் ஃபோம் ஒட்டுகிறார்கள். அறை ஸ்டூடியோ போலத் தோற்றமளிக்கும். பக்கத்து வீட்டில் கேட்பது துளியும் குறையாது. ஃபோம் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும், அதிலும் உச்ச ஒலிகளின் எதிரொலியைத்தான். சுவரைத் தாண்டும் ஒலியை அதனால் தடுக்க முடியாது. முட்டை அட்டைக்கும் இதே கதிதான். எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அது ஆபத்தும்கூட.

சுவரைத் தாண்டுவது எது என்று தெரிந்துகொள்ள ஒரு தனி ஆவர்த்தனத்தை ஒலிக்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மாடிப்படியில் நின்று கேளுங்கள். மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள், அதாவது வலப்பக்கத்தின் கூர்மையான ஒலிகள், பெரும்பாலும் அடங்கிப்போயிருக்கும். தொப்பியின், அதாவது இடப்பக்கத்தின், கும்கி என்ற வளைந்தெழும் தாழ்ந்த நாதம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 செ.மீ. 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ ஏறக்குறைய எட்டரை மீட்டர். இந்த நீண்ட அலைகளைத் தடுக்கச் சுவருக்கு எடை வேண்டும். சுவரின் எடை இரு மடங்கானால் தடுப்பு சுமார் 6 டெசிபல் கூடும். அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் ஏறத்தாழ அதே அளவு குறையும்.

அதனால்தான் ரீடெவலப்மென்ட் முடிந்து புதிய டவருக்குக் குடிபோகிறவர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்கிறேன். பழைய கட்டடத்தின் 9 அங்குலச் செங்கல் சுவர், புதிய கட்டடத்தின் 4 அங்குல ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) சுவரைவிடப் பல மடங்கு கனமானது. கட்டடம் புதியது என்பதற்காக ஒலி அடங்கும் என்று எண்ணாதீர்கள். சுவரைத் தட்டிப் பாருங்கள், எதனால் கட்டினார்கள் என்று கேளுங்கள். மெல்லிய சுவரைச் சரிசெய்கிறேன் என்று அதன்மேல் சிறு இடைவெளி விட்டு ஒற்றை ஜிப்சம் பலகை அடிப்பது இன்னொரு தவறு. பலகையும் இடையில் அகப்பட்ட காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த அதிர்வெண்ணில் அதிரும். அந்த இடத்தில் ஒலி முன்பைவிட அதிகமாகவே கடக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அதேசமயம் செலவின்றித் திருத்தக்கூடிய தவறு, ஸ்பீக்கரை மூலையில் நிறுத்துவது. ஹாலில் இடம் இல்லை என்பது புரிகிறது. ஆனால் ஸ்பீக்கரை ஒட்டி நிற்கும் ஒவ்வொரு சுவரும் தாழ்ந்த ஒலிகளை 6 டெசிபல் வரை உயர்த்தும். அறைக்கும் தனக்கென ஒத்ததிர்வுகள், அதாவது சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி ஓங்கி ஒலிக்கும் அதிர்வெண்கள், உண்டு. 13 அடி நீள அறையில் முதல் ஒத்ததிர்வு 43 ஹெர்ட்ஸ் அருகே விழும். மூலையில் நிற்கும் ஸ்பீக்கர் அதை முழு வேகத்தில் தூண்டும். அந்த ஒரு சுருதி மட்டும் மற்றவற்றைவிட 10 டெசிபல் ஓங்கி நிற்பது சாதாரணம். நமக்கு அது 'கும்' என்ற குழப்பமாகக் கேட்கிறது. மேல்மாடிக்காரருக்கு அது மட்டுமே கேட்கிறது.

இங்கே நம் நலமும் அவர் நலமும் ஒன்றாகிவிடுகின்றன. அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளையும் ஓர் அளவீட்டு மைக்கையும் கொண்டு ஓங்கி நிற்கும் அந்த முகட்டைக் கண்டுபிடியுங்கள். அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அங்கு மட்டும் 10 டெசிபல் குறைத்தால், அந்த அதிர்வெண்ணில் வெளியே போவதும் அதே 10 டெசிபல் குறையும். பாட்டு மெலியாது, கும்கியின் வளைவு இன்னும் தெளிவாகவே விழும். ஸ்பீக்கரின் பின்துளையை அடைக்கும் ஃபோம் அடைப்பான் கூடவே வந்திருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். இதற்குச் செலவிடும் ஒரு மாலைப்பொழுது ஆயிரக்கணக்கில் வாங்கும் ஃபோமைவிட மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது இடுக்குகள். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், எவ்வளவு நல்ல சுவரானாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. கதவின் கீழ் இடைவெளி, அலுமினியச் சறுக்கு ஜன்னல், ஏசி குழாய் போகும் ஓட்டை ஆகியவற்றை ரப்பர் பட்டையும் சீலன்ட்டும் கொண்டு அடைத்துவிடுங்கள். முகப்பை மாற்ற சொசைட்டி சம்மதிக்காவிட்டால் உட்பக்கம் 10 செ.மீ தள்ளி இரண்டாவது ஜன்னல் வைக்கலாம். ஆனால் இவை அடக்குவது பெரும்பாலும் குரலையும் வயலினையும்தான்.

ஸ்பீக்கரின் அடியில் பொருத்தும் கூர்முனை ஸ்பைக்குகள் அதிர்வைத் தரையிலிருந்து பிரிப்பதில்லை, இறுகப் பிணைக்கின்றன. பிரிக்க வேண்டுமானால் எடைக்கேற்ற ரப்பர் தாங்கிகள் தேவை. காற்று வழியே தளத்தை அதிரவைக்கும் ஒலிக்கு அவையும் மருந்தல்ல.

ஒலியை அளக்கும் கைப்பேசிச் செயலி காட்டும் எண்ணை நம்பி நிம்மதியாக இருப்பவர்களையும் எச்சரிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. வீட்டு ஒலிக்கருவியின் ஒலி வீட்டின் எல்லையில் அதைவிட 5 டெசிபலுக்கு மேல் மிகக் கூடாது. ஆனால் இந்த அளவீடு, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து எண்ணும் 'ஏ' நிறை என்ற முறையில் எடுக்கப்படுகிறது. அதில் 50 ஹெர்ட்ஸ் ஒலி 30 டெசிபல் குறைத்தே கணக்கிடப்படும். விதிக்குள் இருந்துகொண்டே ஒருவரின் தூக்கத்தைக் கெடுக்க முடியும். செயலியில், தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாகக் குறைக்காத 'சி' நிறை இருந்தால் அதை வைத்துப் பாருங்கள்.

இரவில் வேறொரு சிக்கல். 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் காட்டியபடி, ஒலியளவு குறையும்போது நம் காதிலிருந்து முதலில் மறைவது தாழ்ந்த ஒலிகளே. உடனே தாழ்ந்த ஒலிகளைக் கூட்டும் லவுட்னெஸ் பொத்தானை அழுத்துகிறோம். அது உயர்த்துவது சுவரைத் தாண்டும் ஒலியைத்தான். அதற்குப் பதில் நாற்காலியை முன்னே நகர்த்துங்கள். தூரம் பாதியானால் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடும். அந்த அளவுக்கு வால்யூமைக் குறைக்கலாம். பெரிய ஸ்பீக்கர்களுக்கு இரண்டு மீட்டராவது விடுங்கள். அதற்கும் அருகே போனால் தாழ்ந்த ஒலி தரும் வூஃபரும் உச்ச ஒலி தரும் ட்வீட்டரும் தனித்தனியாகக் கேட்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகவே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடுங்கள். உங்கள் வீட்டில் வழக்கமான அளவில் பாட்டை ஓடவிட்டு, அவர்கள் படுக்கையறையில் ஐந்து நிமிடம் நிற்க அனுமதி கேளுங்கள். கட்டில் எந்தச் சுவரை ஒட்டியிருக்கிறது, குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை எந்தச் சுவர் ஓரம் வைக்கக் கூடாது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.