'கனேடிய அனுபவம் இருக்கா?': ஸ்காபரோவில் முதல் வேலை தேடுபவருக்கு

டொரொன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வந்து இறங்கி இரண்டு கிழமை ஆகியிருக்கும். பேஸ்மென்ட் அறை வாடகை, ஊரில் வாங்கிய கடன், சீட்டுக்காசு எல்லாம் தலைக்குள் ஓடும். வேலை கேட்டுப் போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: "கனேடிய அனுபவம் இருக்கா?" வேலை தந்தால்தானே அனுபவம் வரும்? நானும் ஒரு மார்கழியில் இந்தக் கேள்வியோடு மார்க்கம் றோட்டில் பஸ்ஸுக்கு நின்றவன்தான். நூலகத்தில் அச்செடுத்த நாற்பது ரெசுமேயைக் கடை கடையாகக் கொடுத்தேன். ஒரு போன்கூட வரவில்லை.

அந்தக் கேள்வியின் பொருள் பிறகுதான் விளங்கியது. தொடக்க நிலை வேலைகளில் உங்கள் திறமையைப் பற்றி அவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. நேரத்துக்கு வருவாரா, சொன்னது விளங்குமா, முதல் பனி கொட்டியதும் நின்றுவிடுவாரா என்பதுதான் கவலை. இந்த நாட்டு நம்பர் ஒன்றை அடித்தால், எடுத்து "ஓம், நம்பி எடுக்கலாம்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆகவே முதல் மாதத்தில் வேலையைத் தேடுகிற அதே மும்முரத்தோடு அந்த ஆளையும் தேடுங்கள்.

எனக்கு அந்த ஆள் கிடைத்தது ஓர் உணவு வங்கியில். செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பது மணிக்குப் போய், நன்கொடையாக வந்த டின்களைத் தரம் பிரிப்பேன். திகதி பார்க்க வேண்டும். விளிம்பில் நெளிந்த டின்னை ஒதுக்க வேண்டும். பேபி ஃபுட் தனிப் பெட்டி. சம்பளம் இல்லை, ஒரு கோப்பி உண்டு. பொறுப்பாக இருந்த அம்மாவுக்கு என் பெயர் கடைசிவரை வாயில் வரவில்லை. ஆறு கிழமை கழித்து, "உங்கள் பெயரை ரெஃபரன்ஸாகக் கொடுக்கலாமா?" என்று கேட்டேன். அதன் பிறகு ஒரு வேர்ஹவுஸ் சூப்பர்வைசர் அவரைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். பனியில் பஸ் ஓடாத ஒரு நாள், அரை மணி பிந்தும் என்று நான் காலையிலேயே போன் பண்ணிச் சொன்னதை அந்த அம்மா அவரிடம் சொன்னாராம். அதுவே போதுமாக இருந்திருக்கிறது. டின்களைப் பற்றி சூப்பர்வைசர் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

நூலகம், சமூக நிலையம், பிள்ளைகளின் பள்ளிக் காலை உணவு என எங்கேயும் தொண்டர் வேலை கேட்கலாம். கோவில் மடப்பள்ளியில் செய்த வேலையும் கணக்குத்தான். ஆனால் ரெஃபரன்ஸ் தருபவர் பகலில் போன் எடுத்து ஆங்கிலத்தில் நாலு வசனம் கதைக்கக்கூடியவராக இருக்க வேண்டும். சொந்தக்காரர் வேண்டாம். இன்னொன்று: லாபத்துக்கு நடக்கிற கடை, "ஒரு கிழமை ட்ரெய்னிங், சம்பளம் இல்லை" என்றால் அது தொண்டு கிடையாது. வேலை பழக்குகிற நேரத்துக்கும் சம்பளம் தர வேண்டும் என்பது நம் மாகாணமான ஒன்ராறியோவின் சட்டம்.

கையிலே காசு தருகிற வேலை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் வருவது அதுதான். வயிற்றுப்பாட்டுக்குப் போகிறவரை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் பே ஸ்டப் என்கிற சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரிக்கு முதலாளி தருகிற டி4 இல்லை, வேலையில்லாக் காப்புறுதிக்கு மணித்தியாலமும் சேராது. 2025 அக்டோபரில் இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலரானது, அதைக்கூடக் கேட்டு வாங்குவது கஷ்டமாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாளி உங்களை ஒளித்து வைத்திருக்கிறார். அவர் எப்படி உங்களுக்காகப் போனில் கதைப்பார்?

வேலை செய்யத் தேவையான சின் நம்பரை (சமூகக் காப்புறுதி எண்) சர்வீஸ் கனடா என்கிற அரசு அலுவலகத்தில் இலவசமாக எடுக்கலாம். அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு முதலில் வேலை அனுமதி வர வேண்டும். அவர்களுடைய நம்பர் 9-இல் தொடங்கும், முடிவுத் திகதியும் இருக்கும். இந்த நம்பரை ரெசுமேயில் போடாதீர்கள். வேலைக்கு எடுத்த பிறகு கொடுத்தால் போதும்.

ரெசுமேயில் படம், வயது, மதம், கல்யாணமானவரா என்பதெல்லாம் வேண்டாம். "எனக்கு ஒரு அனுபவமும் இல்லை" என்று வருகிற தம்பி தங்கையரிடம் கொஞ்சம் கிண்டினால் வேறு கதை வரும். மாமாவின் கடையில் மூன்று வருடம் கல்லாவில் இருந்திருப்பார், இரவில் கணக்கு முடித்திருப்பார். ஓ/எல் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் கொடுத்திருப்பார். திருவிழா அன்னதானத்தில் ஐந்நூறு பேருக்குப் பந்தி நடத்தியிருப்பார். இதெல்லாம் அனுபவம்தான். "கடையில் உதவி" என்று எழுதாமல், என்ன செய்தீர்கள், எத்தனை பேருக்கு, எத்தனை காலம் என்று எழுதுங்கள். பொய் மட்டும் வேண்டாம். இல்லாத கொம்பனியை எழுதி, அடுத்த கேள்வியிலேயே அகப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எம்ப்ளாய்மென்ட் ஒன்ராறியோ என்கிற மாகாண அரசின் வேலை உதவி நிலையங்களில் ரெசுமே திருத்தித் தருவார்கள், நேர்முகத்துக்கும் பழக்குவார்கள். காசு கேட்க மாட்டார்கள்.

நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக ஆள் அனுப்புகிற ஏஜென்சி மூலம் போவது வேகமான வழி. கிறிஸ்மஸ் சரக்கு ஓடுகிற காலத்துக்காக வேர்ஹவுஸ்கள் புரட்டாதி, ஐப்பசியிலேயே ஆள் எடுக்கத் தொடங்கும். பச்சை முக்கோண அடையாளம் உள்ள சேஃப்டி பூட்ஸ் ஒரு சோடி வாங்கி வைத்தால் நாளைக்கே போகலாம். ஆனால் வேலை எடுத்துத் தர உங்களிடம் காசு கேட்கிற ஏஜென்சியை விட்டு விலகுங்கள். அது சட்டத்துக்கு மாறானது. 2024 ஜூலை முதல் இங்கே ஏஜென்சிகள் மாகாண அரசின் லைசென்ஸ் எடுக்க வேண்டும். யார் யாரிடம் இருக்கிறது என்று தொழில் அமைச்சின் இணையப் பட்டியலில் பார்க்கலாம்.

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுங்கள். கடன்காரர் என்று பயந்து எடுக்காமல் விட்டு வேலையைத் தவறவிட்டவர்கள் நம்மில் நிறையப் பேர்.

நேர்முகத்தில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் அப்பா பெயரில் தொடங்கி, ஊர், படித்த பள்ளி என்று போவது நம் பழக்கம். மூன்று வசனம் போதும்: என்ன செய்திருக்கிறேன், எது நன்றாக வரும், எந்த நாட்களில் வரலாம். மூன்றாவதுதான் முக்கியம். "வெள்ளி, சனி இரவும் வருவேன்" என்ற ஒரு வசனம் இரண்டு வருட அனுபவத்துக்குச் சமம். சொல்வதற்கு முன் பஸ் நேரம் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சப்வே காலை எட்டு மணியளவில்தான் தொடங்கும். டொரொன்டோவுக்கு வெளியே உள்ள பிரம்டனில் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு ஓம் என்று சொல்லிவிட்டு, முதல் நாளே டாக்சிக்கு அரை நாள் சம்பளத்தைக் கொடுத்தவன் சொல்கிறேன்.

இரவு வேலை ஒத்துவருமென்றால் செக்யூரிட்டி கார்ட் லைசென்ஸ் பார்க்கலாம்: 40 மணித்தியாலப் பயிற்சி, ஒரு பரீட்சை. படிக்கிறவர்கள் பலர் அப்படித்தான் காலத்தை ஓட்டுகிறார்கள்.

துறைப் படிப்போடு வந்தவர்களுக்கு இப்போது காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. கனேடிய அனுபவம் கட்டாயம் என்பது பாகுபாடாகலாம் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013-இலேயே சொன்னது. பொறியியலாளர் லைசென்ஸுக்கு இருந்த அந்த நிபந்தனை 2023-இல் போனது. 2026 ஜனவரி முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கவே கூடாது. விளம்பரத்தில் இராது, சரி. மனதுக்குள் கேட்பதை எந்தச் சட்டம் தடுக்கும்? ஆகவே ரெஃபரன்ஸ் தருகிற ஆளின் அந்தப் போன் நம்பர் இன்னமும் வேண்டும்.

முதல் வேலையை விடும்போது சொல்லாமல் கொள்ளாமல் நிற்காதீர்கள். இரண்டு கிழமைக்கு முன்னமே சொல்லுங்கள், கடைசி பே ஸ்டப்பையும், வேலை செய்த காலத்தையும் மணித்தியாலத்தையும் காட்டுகிற ஆர்ஓஈ பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள், போகிற அன்று சூப்பர்வைசரின் நேரடி நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த இடத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.