அமெரிக்க மாநிலச் சட்டமன்றத்தில் அமர்ந்த ஒரு வழக்கறிஞரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எப்படி?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலம் ஒன்றில் வழக்கறிஞராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய ஒருவரைப் பற்றி எழுத முனைவோர் பலர் இரங்கற்செய்தியை நம்பித் தொடங்குகின்றனர். அதில் புகழுரை மிகுதி. ஆகவே அதிலுள்ள ஒவ்வொரு செய்தியையும் வேறோர் ஆவணத்தோடு ஒப்பிட்ட பின்னரே ஏற்க வேண்டும்.

பிறப்பையும் குடும்பத்தையும் அறிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உதவும். 72 ஆண்டுகள் கழிந்த பதிவுகளே வெளியிடப்படுவதால், 1950 வரையிலான ஏடுகளை இன்று பார்க்கலாம். 1900ஆம் ஆண்டின் ஏட்டில் பிறந்த மாதமும் ஆண்டும் உண்டு. 1890ஆம் ஆண்டின் பதிவுகளுள் பெரும்பகுதி 1921இல் நேர்ந்த தீவிபத்தில் பாழாகிவிட்டது. அந்த இடைவெளியை நகர முகவரி ஏடுகளைக் கொண்டு ஓரளவு நிரப்பலாம்.

சட்டக் கல்லூரிப் பட்டியலில் அவர் பெயர் இல்லையெனில் ஐயுற வேண்டியதில்லை. மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்திலேயே சட்டம் பயின்று தொழிலுக்கு வந்தோர் அக்காலத்தில் பலர். மேல்முறையீட்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் இருதரப்பு வழக்கறிஞர்களின் பெயர்களும் அச்சிடப்பட்டிருப்பதால், அவர் இரயில்வே நிறுவனங்களுக்காக வாதாடினாரா, காயமுற்ற தொழிலாளர்களுக்காக வாதாடினாரா என்பது அங்கே புலப்படும். உயில், கடன், நிலப்பத்திரம் போன்ற அன்றாட வேலைகளுக்கு மாவட்ட நீதிமன்றக் கோப்புகளையே நாட வேண்டும்.

மிகுந்த உழைப்பைக் கோருவது, சட்டமன்றத்தின் தீர்மானங்களையும் வாக்குகளையும் பதிவுசெய்யும் அவைக் குறிப்பேடு. என் மதிப்பீட்டில் மிகுந்த பயனைத் தருவதும் அதுவே. அதில் இறுதி வாக்கை மட்டும் பார்த்து நிறுத்திவிடலாகாது. டென்னசி சட்டமன்றத்தில் 1920 ஆகஸ்டு 18 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் ஒப்புதலுக்காக வாக்கெடுப்புக்கு வந்தபோது, பின்னாளில் வழக்கறிஞரான 24 வயது உறுப்பினர் ஹாரி பர்ன் ஆதரவாக வாக்களித்தார். ஆனால் அதற்குச் சற்று முன்னர், அத்திருத்தத்தை ஒத்திப்போடும் தீர்மானத்துக்கு ஆதரவாகவே அவர் வாக்களித்திருந்தார். அன்னையின் கடிதத்தால் மனம் மாறியதாகச் சொல்லப்படும் அவருடைய தன்னிலை விளக்கமும் குறிப்பேட்டிலேயே இடம்பெற்றது. இத்தகைய திருப்பங்களை இரங்கற்செய்தியில் காண்பது அரிது.

பல மாநிலச் சட்டமன்றங்கள் ஈராண்டுக்கு ஒருமுறை சில மாதங்களே கூடியதால், உறுப்பினர்கள் எஞ்சிய காலத்தில் வழக்குகளை நடத்தி வந்தனர். எனவே நீதிமன்றத்தில் அவர் யாருக்காக வாதாடினாரோ அவர்களின் பட்டியலையும், அவர்களது நலன் சார்ந்த மசோதாக்களில் அவர் அளித்த வாக்குகளையும் ஆண்டுவாரியாக அருகருகே எழுதிப் பாருங்கள். இரண்டும் பொருந்தினாலும் அதையே கையூட்டுக்குச் சான்றாகக் கொள்ளாமல், அவருடைய அரசியல் கட்சியின் நிலைப்பாட்டையும் எதிர்க்கட்சிச் சார்புடைய உள்ளூர் நாளிதழையும் படித்த பின்னரே முடிவை எழுதுங்கள்.